முதுகுப் பலகையில் நீலக்கறை

கணவன் கிளென் இறந்த பிறகுதான் புவானானி உகுலேலே என்கிற நாலு தந்திக் குட்டி கிதாரைச் செய்ய ஆரம்பித்தாள். ஹீலோ ஊரில் மழை பிடித்தால் விடாது. டயாலிசிஸ் சென்டரில் நர்ஸாக நாளெல்லாம் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தால், தகரக் கூரையில் மழை கொட்டுகிற சத்தத்தைத் தவிர வேறு துணை கிடையாது. கார் நிறுத்துகிற கொட்டகையில் கிளெனின் தூண்டில்களையும் ஐஸ் பெட்டிகளையும் ஒரு மூலைக்குத் தள்ளிவிட்டு, நடுவில் ஒரு மேசையைப் போட்டாள். இழைப்புளி, உளி, பலகையை இறுக்கிப் பிடிக்கிற ஏகப்பட்ட கிளாம்ப்புகள் வந்து சேர்ந்தன. விற்பதற்காகச் செய்யவில்லை. யாராவது கேட்டால் கொடுத்தாள், கேட்காதவர்களுக்கும் கொடுத்தாள். முதலில் செய்தது பிஸ்கட் டப்பாவைத் தட்டுகிற மாதிரி ஒலித்தது. அடுத்தடுத்து வந்தவை கொஞ்சம் கொஞ்சமாகத் தேறின.

சனிக்கிழமை தோறும் எல்ராய் வருவான். எல்ராய் ஷிரோமா, கிளெனின் பள்ளித் தோழன், கவுண்டியின் சாலை வேலையில் ரோடு ரோலர் ஓட்டுகிறவன். அவனுக்கும் இதே பைத்தியம். வரும்போது சோறும் ஸ்பாம் என்கிற டப்பா இறைச்சியும் வைத்துக் கட்டிய மூசுபி நாலைந்து கொண்டு வருவான். இரண்டு பேரும் ஒரே மேசையில் எதிரெதிராக உட்கார்ந்து அவரவர் பலகையைத் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். கிளென் போனபோது, கூப்பிடாமலே வந்து கூரை வடிகாலில் அடைத்த இலையை வாரியவன் அவன். காரியமெல்லாம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகும், ஒரு வார்த்தை பேசாமல் வாசற்படியில் உட்கார்ந்திருந்தவனும் அவன்தான்.

அந்தக் கோஆ மரப் பலகைகளை அவளுக்குக் கொடுத்ததும் எல்ராய்தான். மரம் புயலில் சாய்ந்ததாம். எல்ராயின் மருமகன் பிரேடன் வேலி போடும் கும்பலோடு மலைக்கு வேலைக்குப் போனபோது கிடைத்ததாம். எல்ராய் அதைத் தன் வீட்டுக்கு அடியில் அடுக்கி ஒரு வருஷத்துக்கு மேல் காயவைத்திருந்தான். புவானானி பலகையை ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தாள். தேன் நிறத்தில் குறுக்கே அலை அலையாகச் சுருள் ஓடியது. வெளிச்சத்தில் திருப்பினால் அலை நகர்ந்தது. ஒரு ஓரத்தில் மட்டும், ஏதோ இரும்பு கிடந்து ஊறின மாதிரி, நீலமும் கறுப்பும் கலந்த கறை கைநீளத்துக்கு இறங்கியிருந்தது.

எல்ராய் அதை வெட்டி எறியச் சொன்னான். அவள் கேட்கவில்லை. பலகையைக் கனத்தின் நடுவில் இரண்டாகக் கிழித்துப் புத்தகம் விரிப்பது போல் விரித்து ஒட்டினாள். கறை இரண்டு பக்கமும் ஒன்றுபோல் வந்து, முதுகின் நடுவே ஒரு பறவை சிறகை விரித்த மாதிரி நின்றது. பக்கப் பலகைகளைச் சூடான குழாயில் வளைத்தபோது ஒன்றுகூட விரிசல் விடவில்லை. கழுத்தைச் சேர்த்து, பாலிஷ் போட்டு, தந்தி மட்டும் பாக்கி என்ற நிலையில் கொட்டகையில் தொங்கவிட்டிருந்தாள். கட்டைவிரலால் வயிற்றைத் தட்டினால் உள்ளிருந்து யாரோ பதில் சொல்வது போலிருந்தது. இதுவரை செய்ததில் இதுதான் உருப்படி என்று அவளுக்கே தெரிந்தது.

அந்த வாரம் திங்கட்கிழமை லைமானாவுக்கு ஊசி போடுவது அவள் முறை.

லைமானா பாவோ, லௌபாஹோஹோ ஊருக்கு மேலே, மலைச்சரிவில் இருப்பவன். நாற்பதைத் தாண்டியவன், கல்யாணம் ஆகாதவன். மாட்டுப் பண்ணையில் வேலை பார்த்தவன், சர்க்கரை வியாதி இரண்டு சிறுநீரகத்தையும் தின்றுவிட்ட பிறகு வாரத்துக்கு மூன்று நாள் இங்கே வந்து இயந்திரத்தோடு கட்டுண்டு கிடக்கிறான். வழக்கமாக வந்ததும் வராததுமாக எல்லோரையும் வம்புக்கு இழுப்பான். அன்றைக்கு வாயே திறக்கவில்லை. கையைக் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். புடைத்த நரம்பில் ஊசியை ஏற்றி டேப் ஒட்டும்போது, என்ன ஆச்சு தம்பி என்று கேட்டாள்.

"மரத்தை வெட்டிட்டானுக, சிஸ்டர்," என்றான்.

எந்த மரம் என்று அவள் கேட்டாள். அவன் மெதுவாகச் சொன்னான். அவன் பிறந்தபோது அவனோடு விழுந்த இளங்கொடியை மேல் நிலத்தில் குழி தோண்டிப் புதைத்து, அதன்மேல் ஒரு கோஆக் கன்றை நட்டார் அவன் அப்பா. அது அவன் மரம். அவனோடு வளர்ந்தது. டயாலிசிஸ் ஆரம்பித்ததிலிருந்து அவனால் அந்த ஏற்றம் ஏற முடியவில்லை. அக்கா கெஹாவுக்கும் கீழ் நிலத்து வேலையே சரியாக இருந்தது. போன வாரம் மாடு தப்பி மேலே போனதைத் தேடிப் போனவள், மொட்டையாக நின்ற அடிக்கட்டையைப் பார்த்திருக்கிறாள். வெட்டுவாய் கறுத்துப் பாசி பிடித்துக் கிடந்ததாம். வெட்டி ஒரு வருஷத்துக்கு மேல் இருக்குமாம்.

"எனக்குக் கிட்னி போனதும் அப்பத்தான். பாத்துக்கங்க," என்றான்.

சர்க்கரையால் போனது தம்பி என்று சொல்ல வாயெடுத்தவள் இன்னொரு துண்டு டேப்பைக் கிழித்தாள்.

"அப்பா அந்த மரத்துல ஒரு கேட் கீல் அடிச்சிருந்தாரு. மரம் அதை முழுங்கிருச்சு. சின்னப் பிள்ளையில அந்தப் பொந்துக்குள்ள விரலை விட்டு இரும்பு தட்டுதான்னு பாப்பேன்."

டேப்பை ஒட்டிக்கொண்டிருந்த புவானானியின் விரல்கள் அப்படியே நின்றன. இரும்பு. நீலக்கறை. வேலி போடும் கும்பல். இயந்திரத்தின் எண்களைப் பார்ப்பது போல் திரும்பிக்கொண்டாள். அவள் பின்னால் லைமானா யாரிடமோ சொல்வது போல, இனிமேல் இதெல்லாம் எதுக்கு, என்றான்.

வேலை முடிந்து நேராக வீட்டுக்குப் போய்க் கொட்டகை விளக்கைப் போட்டாள். உகுலேலேயைத் திருப்பிப் பார்த்தாள். காலை வரைக்கும் பறவையாகத் தெரிந்தது இப்போது கறையாகத்தான் தெரிந்தது. எடுத்துத் துணியில் சுற்றி அலமாரிக்குள் வைத்தாள். அங்கே இருப்பதும் பொறுக்காமல் மறுபடி வெளியே எடுத்தாள்.

எல்ராயின் வீட்டுக்குப் போனபோது அவன் முற்றத்தில் தண்ணீர்க் குழாயைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தான். நோயாளி சொன்னதை வெளியே சொன்னால் அவள் வேலை போய்விடும். அதனால் பெயரையும் சொல்லவில்லை, எப்படித் தெரியும் என்றும் சொல்லவில்லை. அந்தக் கோஆ எங்கிருந்து வந்தது என்று மட்டும் கேட்டாள். புயலில் விழுந்தது என்று முன்பு சொன்னதையே சொன்னான். விழுந்த மரத்தின் அடியில் வேர் பிய்ந்திருக்கும், ரம்பம் ஓடியிருக்காது, நீ பார்த்தாயா என்றாள். எல்ராய் குழாயை இறுக்குவதை நிறுத்திவிட்டான்.

"ரம்பம் ஓடின முனையைப் பாத்தேன்," என்றான்.

"கேட்டியா பிரேடனை?"

"கேக்கல."

"ஏன்?"

"கேட்டா சொல்லிருப்பான், புவா. அதான் கேக்கல."

அதற்குப் பிறகு அவன் பேசியதெல்லாம் பிரேடனைப் பற்றித்தான். பிரேடன் ஏற்கனவே ஒரு அடிதடியில் மாட்டி, கோர்ட் கண்காணிப்பில் இருக்கிறான். இன்னொரு வழக்கு வந்தால் நேராகச் சிறைக்குத்தான். கைக்குழந்தை இருக்கிறது. மரம் செத்துப்போனது செத்துப்போனதுதான், யாரை உள்ளே தள்ளினாலும் துளிர்க்கப் போகிறதா என்று கேட்டான். பிறகு குரலைத் தாழ்த்தி, உன் கொட்டகையிலும்தான் அந்த மரம் தொங்குகிறது, போலீஸ் வந்தால் அதையும்தான் எண்ணும் என்றான். சொன்ன உடனே முகம் செத்துவிட்டது அவனுக்கு. சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டோம் என்று தெரிந்து, கையைத் துடைக்கத் துணி தேடுகிற மாதிரி உள்ளே போய்விட்டான். அவள் காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

புதன்கிழமை லைமானா வரவில்லை. அவனை ஏற்றப் போன வேன் காலியாகத் திரும்பியது. டிரைவர் வாசலில் நின்று ஹார்ன் அடித்ததாகவும், லைமானா உள்ளே இருந்தபடியே போ என்று கையசைத்துவிட்டதாகவும் சொன்னான். டாக்டர் போன் செய்தார். கெஹாவ் எடுத்து, அவன் வர மாட்டேன் என்கிறான், கட்டித் தூக்கிக்கொண்டா வர முடியும் என்று வைத்துவிட்டாள். வெள்ளிக்கிழமையும் அந்த நாற்காலி காலியாகவே கிடந்தது. இரண்டு முறை விட்டவர்களுக்கு என்ன ஆகும் என்று புவானானிக்குத் தெரியும். நீர் நுரையீரலில் ஏறும். ரத்தத்தில் உப்பு கூடிக்கொண்டே போய், உட்கார்ந்திருக்கும்போதே இதயம் நின்றுவிடும். வலி கூட இருக்காது.

சனிக்கிழமை காலை எல்ராய் வரமாட்டான் என்று தெரிந்தும் வழக்கம்போல் இரண்டு கோப்பை எடுத்து வைத்தாள். பிறகு ஒன்றையும் ஊற்றாமல், துணியில் சுற்றிய உகுலேலேயைக் காரின் முன் சீட்டில் கிடத்தி, சீட் பெல்ட்டைக் குறுக்கே போட்டுவிட்டு ஹமாகுவா சாலையில் வடக்கே கிளம்பினாள். நர்ஸ்கள் நோயாளி வீட்டுக்குப் போகக் கூடாது. பாலத்துக்குப் பாலம் திரும்பிவிடலாமா என்று தோன்றியது. ஒவ்வொரு பாலத்தையும் தாண்டிய பிறகுதான் அந்த எண்ணம் வந்தது.

மலைப்பாதையில் யூகலிப்டஸ் மரங்களைத் தாண்டியதும் பாவோ வீட்டின் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. நாய் ஒன்று பாய்ந்து வந்து கார்க் கதவில் காலை வைத்தது. கெஹாவ் படியில் நின்று பார்த்தாளே தவிர நாயைக் கூப்பிடவில்லை. நான் டயாலிசிஸ் சென்டரிலிருந்து வருகிறேன் என்று கண்ணாடியை இறக்கிச் சொன்ன பிறகுதான் விசில் அடித்தாள்.

புவானானி செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போனாள். லைமானா சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான், சாய்ந்தால் மூச்சு முட்டுகிறது என்று பார்த்ததுமே தெரிந்தது. முகம் உப்பியிருந்தது. கணுக்காலில் தோல் பளபளத்தது. சுவரில் அவன் தலைக்கு மேலே பன்றி சுடுகிற துப்பாக்கி மாட்டியிருந்தது. வா ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று கெஞ்சத்தான் வந்தாளா, இல்லை இதைக் கொடுக்க வந்தாளா என்று அந்த நிமிஷம் அவளுக்கே பிடிபடவில்லை. துணியைப் பிரித்து உகுலேலேயைக் குப்புறத் திருப்பி அவன் மடியில் வைத்தாள்.

அவன் முதலில் புரியாமல் பார்த்தான். கை தானாகப் போய்க் கறையைத் தொட்டது. நடுக்கோட்டின் மேல் விரல் நகர்ந்தது, நின்றது, மறுபடி நகர்ந்தது.

"இது நீங்க செஞ்சதா?"

"நான் செஞ்சது. திருட்டு மரம்னு தெரியாது. தெரிஞ்ச நாள்ல இருந்து தூக்கம் இல்ல."

கெஹாவ் அவள் தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். யாரு வெட்டினது, சொல்லிட்டு இந்த வீட்டை விட்டுப் போ என்றாள். அவள் பிடி இறுகியது. ஆனாலும் புவானானி பெயரைச் சொல்லவில்லை.

"போலீஸ்ல சொல்றேன். இங்க சொல்ல மாட்டேன். சுவத்துல துப்பாக்கி இருக்கு."

கெஹாவ் போனை எடுத்தாள். லைமானா வேண்டாம் என்று தலையசைத்தான். மூச்சு வாங்கி வாங்கி, மீதி மரம் எங்கே என்று கேட்டான். இருக்கிறது, அடுக்கியபடி இருக்கிறது, ஒன்றிரண்டு பலகைதான் கைபட்டிருக்கிறது என்றாள்.

"கொண்டு வரச் சொல்லுங்க. எல்லாம். வெட்டினவன் கொண்டு வரணும். வெளிச்சம் இருக்கறப்பவே."

"கொண்டு வந்தா ஆஸ்பத்திரிக்கு வருவியா?"

"மொதல்ல மரம் வரட்டும், சிஸ்டர்."

மொதல்ல நீ வா, மரம் எங்கேயும் ஓடாது, நாளைக்கு நீ இருக்க மாட்டே தம்பி என்று அவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான். கெஹாவுக்கு அப்போதுதான் விஷயத்தின் தீவிரம் உறைத்தது போலிருந்தது. தம்பியின் முகத்தையே பார்த்தபடி, போ, சீக்கிரம் போ என்றாள் புவானானியிடம். அதில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது.

திரும்பி ஹீலோ வரைக்கும் அவள் எப்படி ஓட்டினாள் என்று அவளுக்கு நினைவில்லை. எல்ராயின் வீட்டில் பிரேடனும் இருந்தான். குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தவன், அவள் முகத்தைப் பார்த்ததும் குழந்தையை உள்ளே மனைவியிடம் கொடுத்துவிட்டு வந்து நின்றான். அவன் வந்ததும் அவள் தன் வேலை, ரகசியம் காப்பேன் என்று போட்ட கையெழுத்து எல்லாவற்றையும் காற்றில் விட்டாள். மலையில் ஒருத்தன் சாகக் கிடக்கிறான், அவன் பெயர் லைமானா பாவோ, அவன் இளங்கொடி புதைத்த மரத்தைத்தான் நீ வெட்டினாய், மரம் போனதால் நானும் போகிறேன் என்று சிகிச்சையை விட்டுவிட்டான் என்றாள். ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

எல்ராய் இடையில் புகுந்து, பலகையை நான் கொண்டுபோய் இறக்கிவிட்டு வருகிறேன், இவன் எதற்கு என்றான்.

"வெட்டினவன் வரணும்னான்."

"அவன்கிட்ட துப்பாக்கி இருந்தா?"

"இருக்கு. பாத்தேன்."

"தெரிஞ்சேவா இவனைக் கூப்பிடறே?"

பிரேடன்தான் குறுக்கிட்டான்.

"நான் போனா திரும்பி வருவேனா, ஆன்ட்டி?"

"தெரியாதுடா," என்றாள். பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை.

அவன் உள்ளே போனான். மனைவியிடம் என்ன சொன்னான் என்று தெரியவில்லை, அவள் அழுகிற சத்தம் கேட்டது. வெளியே வந்து, வீட்டுக்கு அடியில் குனிந்து நுழைந்து முதல் பலகையை இழுத்தான். எல்ராய் கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். பிறகு அவனும் குனிந்தான். தான் செய்ய ஆரம்பித்து வளைத்து வைத்திருந்த பக்கப் பலகைகளையும், ஒரு கழுத்துத் துண்டையும் மேலே மாடியிலிருந்து கொண்டுவந்து வண்டியில் போட்டான். மரத்தூள் மூட்டையைக் கூட விடவில்லை. மூன்று பேரும் ஒரே லாரியில் நெருக்கி உட்கார்ந்து போனார்கள். பாதி வழியில் மழை பிடித்து, லௌபாஹோஹோ வருவதற்குள் விட்டது. பிரேடன் கால்சட்டையில் கையைத் துடைத்துத் துடைத்து அந்த இடம் கறுத்திருந்தது.

மேல் நிலத்துக்குப் போகிற பாதையில் கெஹாவின் ஜீப் முன்னாலேயே நின்றது. அடிக்கட்டைக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் லைமானா உட்கார்ந்திருந்தான். மடியில் உகுலேலே. கெஹாவ் பின்னால் நின்றாள். துப்பாக்கி அவள் கையில் இருந்தது, குழல் தரையைப் பார்த்தபடி. எல்ராய் வண்டியை நிறுத்தினான், என்ஜினை நிறுத்தவில்லை. பிரேடன் கதவைத் திறந்து இறங்கி, அவர்களுக்கும் வண்டிக்கும் நடுவில் போய் நின்றான். மூடுபனி புல்லோடு புல்லாக நகர்ந்துகொண்டிருந்தது. எங்கோ ஒரு மாடு கத்தியது.

"நீயா?" என்றான் லைமானா.

"நான்தான்."

"தனியாவா வெட்டினே?"

"இன்னொருத்தன் இருந்தான். அவன் இப்ப ஊர்ல இல்ல. ரம்பம் பிடிச்சது நான்."

"என்ன மரம்னு தெரியுமா?"

"தெரியாது. காட்டு மரம்னு நெனச்சேன்."

"வேலிக்குள்ளதான இருந்துச்சு?"

பிரேடன் எச்சிலை விழுங்கினான். "இருந்துச்சு," என்றான்.

கெஹாவின் கை அசைந்தது. புவானானி வண்டியிலிருந்து எப்படி இறங்கினாள், எப்படி பிரேடனுக்குப் பக்கத்தில் போய் நின்றாள் என்று அவளுக்குத் தெரியாது. லைமானா பின்னால் திரும்பாமலே கையை நீட்டினான். கெஹாவ் கொஞ்சம் தயங்கிவிட்டுத் துப்பாக்கியைக் கொடுத்தாள். அவன் அதை நாற்காலிக்கு அடியில் புல்லில் கிடத்தினான். குனிந்து நிமிர்ந்த அந்த வேலைக்கே மூச்சு இரைத்தது. எறக்கு என்றான்.

பிரேடன் இறக்கினான். ஒவ்வொரு பலகையாகத் தோளில் தூக்கி, அடிக்கட்டையைச் சுற்றித் தரையில் வைக்கச் சொன்னான் லைமானா. உதவப் போன எல்ராயை வேண்டாம் என்று தடுத்தான். ஈரப் புல்லில் பலகைகள் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாகக் கிடந்தன. மழைத்துளி பட்ட இடமெல்லாம் சுருள் பளிச்சென்று எழுந்து மின்னியது. அந்த அழகைப் பார்க்க எல்ராயால் முடியவில்லை.

"அண்ணே, மண்ணுல போட்டா உளுத்துப் போயிருமே," என்றான். தன்னைவிட இளையவனைத்தான் அண்ணே என்றான்.

"உளுத்துப் போகட்டும். அதுக்குத்தான் போடறது."

வளைத்த பக்கப் பலகைகள், கழுத்துத் துண்டு, மூட்டையிலிருந்த மரத்தூள் எல்லாம் மண்ணுக்குப் போயின. வண்டி காலியானது. லைமானா மடியில் இருந்ததைப் புவானானியிடம் நீட்டினான். அதுவும் மண்ணுக்குத்தான் என்று அவளுக்குப் புரிந்தது. இரவும் பகலும் தேய்த்த பலகை, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வளைத்த வளைவு, தட்டினால் பதில் சொன்ன வயிறு. வாங்கிக்கொண்டு போய், அடிக்கட்டையின் மேல் கறை தெரியும்படி குப்புற வைத்தாள். வைத்துவிட்டுக் கையை எடுக்க ஒரு நிமிஷம் ஆனது.

லைமானா நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தான். பிரேடனுக்கு நேராக வந்து நின்றான். அவன் அடிக்கப் போகிறான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள், பிரேடனும் அப்படித்தான் நினைத்துக் கண்ணை மூடினான்.

"அந்த வேலிக்குள்ள இன்னும் கோஆ நிக்குது. ஒன்னு எங்க அக்காவோடது. அதை யாராச்சும் தொட்டா, நான் வேற யாரையும் தேட மாட்டேன். ஒன்னைத்தான் தேடுவேன். வந்து வந்து பாத்துக்க."

பிரேடன் தலையை ஆட்டினான்.

ஜீப்பில் ஏறும்போதே லைமானாவின் உதடு நீலம் பாய்ந்திருந்தது. புவானானி பின் சீட்டில் அவனை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டாள். கெஹாவ் ஓட்டினாள், வளைவுகளில் பிரேக்கைத் தொடாமல். மெயின் ரோட்டில், புவானானி போனில் அழைத்த ஆம்புலன்ஸ் எதிரே வந்து ஏற்றிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் அவசர டயாலிசிஸ் போட்டார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்ததைப் புவானானி முடிக்க விடவில்லை. அவள் மலைக்குப் போனது சென்டருக்குத் தெரிந்து, விளக்கம் கேட்டார்கள். நடந்ததைச் சொன்னாள். எச்சரித்ததோடு விட்டார்கள். கெஹாவ் மட்டும் சமாதானமாகவில்லை. போலீசுக்குப் போயிருக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்து எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். தப்பு என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

அடுத்த வாரம் லைமானா தன் நாற்காலிக்கு வந்தான். நீர் வடிந்து முகம் ஒடுங்கியிருந்தது. புவானானி கையுறை மாட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தபோது, அவன் இன்னொரு நர்ஸைக் கேட்பான் என்றுதான் எதிர்பார்த்தாள். கையை நீட்டினான்.

"அன்னிக்கு நல்ல மழை," என்றான், ஊசி ஏறுகிற இடத்தைப் பார்க்காமல். "ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்திருக்கேன், ஜன்னல்ல அடிக்குது. கெஹாவுக்குப் போன் போட்டு, கட்டை மேல நீங்க வச்சதை எடுத்து உள்ள வைன்னேன். உங்களுக்காக இல்ல."

"சரி."

"பலகையெல்லாம் அங்கயேதான் கெடக்கு. அது கெடக்கட்டும். இதை மட்டும் ஏன் எடுக்கச் சொன்னேன்னு கெஹாவ் கேட்டா. எனக்குச் சொல்லத் தெரியல." கொஞ்சம் பொறுத்து, "தந்தி போடலியே, ஏன்?" என்று கேட்டான்.

பாலிஷ் காயட்டும் என்று விட்டிருந்தேன், எடுத்து வா, போட்டுத் தருகிறேன் என்றாள்.

"அது மலையை விட்டு எறங்காது, சிஸ்டர். நீங்க வாங்க."

சனிக்கிழமைகளில் எல்ராய் வருவதில்லை. ஒரு முறை அவள் இல்லாத நேரத்தில் கதவில் மூசுபிப் பொட்டலம் தொங்கிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். அந்தச் சனிக்கிழமை புவானானி தந்திகளையும் பசையையும் கிளாம்ப்புகளையும் பையில் போட்டுக்கொண்டு மலைக்குப் போனாள். கெஹாவ் அவளை வா என்று சொல்லவில்லை. ஆனால் நாயைக் கட்டிவைத்திருந்தாள். உகுலேலே சாப்பாட்டு மேசையில் கிடந்தது. ஈரம் ஏறி, அடிப்பக்கத்தில் முதுகும் பக்கமும் சேருகிற இடம் நகம் நுழைகிற அளவுக்கு விட்டிருந்தது. லைமானா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தான்.

விரிசலில் பசையைத் தள்ளி, வழிந்ததைத் துடைத்து, கிளாம்ப்புகளை ஒவ்வொன்றாக முறுக்கினாள். கடைசிக் கிளாம்ப்பை அவன் பிடித்துக்கொண்டான். இன்றைக்குத் தந்தி போட முடியாது, இழுவைக்குப் பிய்த்துக்கொண்டு போய்விடும், நன்றாகக் காய இன்னும் ஒரு வாரமாவது ஆகும் என்றாள்.

"ஒரு வாரந்தான?" என்றான் லைமானா. "இருக்கேன்."